ஃபேன் பெல்ட்டுக்கு இழுவிசையா, இளக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டிராக்டர்களின் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் தம்பி போன வாரம் நம் குழுவில், ஃபேன் பெல்ட்டின் டென்ஷனைச் சரியாக வைக்கும் பகுதியின் தலைப்புக்குச் சொல் கேட்டிருந்தார். அவர் எழுதிவைத்திருந்தது ‘விசிறிப்பட்டை இழுவிசைச் சரிசெய்தல்’. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ‘காற்றாடிப் பட்டி இறுக்கம்’, ‘வார் தொய்வு நீக்கல்’, ‘வார் பிடித்தல்’ என்று வரிசையாக வந்துவிட்டன. எல்லாமே இலக்கணப்படி சரியானவைதான். ஆனால் அப்பா வாங்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 டிராக்டருக்கு முப்பது வருடமாக இந்த வேலையை நானே செய்துவருகிறேன். தம்பியின் தலைப்பைப் படித்தபோது, நான் செய்யும் வேலையைத்தான் சொல்கிறார் என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அப்புறம் வரலாம்.

1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் சிவப்பு மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் நம் பக்கத்து வயல்களில் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றின் மூதாதை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் இருக்கிறது. அங்கே பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20தான் அது. அந்த வழியில் வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 35, அதிலிருந்து எங்கள் 1035. எஞ்சின் மாறியது, நிறம் மாறியது. எஞ்சினின் முகப்பில் இருக்கும் அந்த முக்கோணம் மட்டும் பெரிதாக மாறவில்லை. கீழே கிராங்க் ஷாஃப்ட்டின் கப்பி, மேலே விசிறியும் தண்ணீர் பம்ப்பும் சேர்ந்த கப்பி, பக்கவாட்டில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவின் கப்பி. மூன்றையும் சுற்றி ஒரே பெல்ட்.

அந்தப் பெல்ட் நாளாக ஆக நீளும். நீண்டால் வழுக்கும். வழுக்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும், ரேடியேட்டர் கொதிக்கும், பேட்டரி இறங்கும். சுமை ஏறும்போது கீச்சென்று ஒரு சத்தமும் வரும். இதைச் சரிப்படுத்த டைனமோவை எஞ்சினிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி வைக்க வேண்டும். டைனமோ அடியில் இரண்டு போல்ட்டில் கீல் போல நிற்கிறது. மேலே, நீளத்துளை போட்ட ஒரு வளைந்த இரும்புப் பட்டை அதைப் பிடித்திருக்கிறது. மூன்று போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, டைனமோவைத் தள்ளி, மறுபடி முடுக்கினால் வேலை முடிந்தது.

எவ்வளவு தள்ளுவது? அதற்குத்தான் கட்டைவிரல். இரண்டு கப்பிகளுக்கு இடையில் பெல்ட் நீளமாகப் போகும் இடத்தில், நடுவில், கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். பழைய டிராக்டர்களில் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை உள்ளே போகலாம் என்பது பொதுவான கணக்கு, அதாவது ஏறத்தாழ 13 முதல் 19 மில்லிமீட்டர். அந்தந்த வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இங்கே ஒரு சொல் அல்ல, நான்கு சொற்கள் வேண்டும் என்பது என் எண்ணம். பெல்ட்டுக்கு ஒன்று, அதன் ஆப்பு வடிவத்துக்கு ஒன்று, அது உள்ளே போகும் அளவுக்கு ஒன்று, அந்த அளவை வைக்கும் செயலுக்கு ஒன்று. இதுவரை நாம் முதல் சொல்லிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதல் சொல்லை விரைவாக முடித்துவிடலாம். பட்டை, பட்டி, வார் மூன்றும் முன்வைக்கப்பட்டன. மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது. தமிழ்நாட்டில் சீட் பெல்ட் என்றே சொல்கிறோம். இலங்கையில் அது ஆசனப் பட்டி, சிங்கப்பூரில் இருக்கை வார். ஆகவே பட்டி, வார் இரண்டில் எதை எடுத்தாலும் தமிழ் பேசும் ஒரு நாட்டில் அது பழகிய சொல்லாகத்தான் இருக்கும். பட்டையை நான் விடச் சொல்வதற்குக் காரணம் மேலே எழுதிய வாக்கியத்திலேயே இருக்கிறது. டைனமோவைப் பிடித்திருக்கும் அந்த வளைந்த இரும்பைப் பட்டறையில் எல்லாருமே பட்டை என்றுதான் சொல்வார்கள். இரும்புப் பட்டை என்பது கடையில் எடை போட்டு வாங்கும் பொருள். பெல்ட்டையும் பட்டை என்று எழுதினால் குறிப்பு இப்படி வரும்: ‘பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, பட்டையை இழுக்கவும்.’ எந்தப் பட்டையை? படிக்கிற பையன் கையில் ஸ்பேனருடன் நிற்கிறான். அவனுக்கு அந்தச் சந்தேகம் வரக் கூடாது.

ஒரு கலைச்சொல் சரியா என்று பார்க்க, அதைத் தனியாக அகராதி வரியில் வைத்துப் பார்ப்பது போதாது. அது புழங்கப்போகிற வாக்கியத்தில், பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். ‘பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, வாரை இழுக்கவும்’ என்றால் குழப்பமே இல்லை.

வார் என்றால் தோல்தானே, இது ரப்பர் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். செருப்பு வார் அறுந்துவிட்டது என்கிறோம், அது ரப்பர் செருப்பாக இருந்தாலும் வார்தான். மக்கள் எப்போதோ அந்தச் சொல்லைத் தோலிலிருந்து கழற்றிவிட்டார்கள். அப்புறம், ஒரு காலத்தில் பெல்ட் ஓட்டம் பெரும்பாலும் தோல் வாரில்தான். காலால் மிதிக்கும் தையல் மெஷினில் இன்றைக்கும் பல இடங்களில் உருண்டைத் தோல் வார்தான் ஓடுகிறது. அது நீண்டு தொய்ந்தால் தையல்காரர் ஒரு துண்டை நறுக்கி எடுத்துவிட்டு மறுபடி கொக்கி மாட்டுவார். டைனமோவைத் தள்ளி வைப்பதும் அவர் வாரை நறுக்குவதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

‘விசிறி’ இருக்கட்டும். அந்த வார் தண்ணீர் பம்ப்பையும் டைனமோவையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறது, ஆகவே விசிறி என்பது முழு உண்மை இல்லை என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் கடையில் போய் ஃபேன் பெல்ட் கேட்கிறவனுக்கு விசிறி வார் என்றால் உடனே புரியும். பெயர் ஒன்றைச் சொல்லி மூன்றைக் குறிப்பது தமிழுக்குப் புதிதல்ல, ஆகுபெயர் என்று நமக்கு இலக்கணமே இருக்கிறது.

அடுத்தது ‘வி’ பெல்ட். இதை யாரும் தொடவில்லை. எனக்கு இதில்தான் ஆசை அதிகம், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆங்கிலக்காரர் வாரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார். மேலே அகலம், கீழே குறுகல். அவர் எழுத்துகளில் ஒன்று அப்படி இருந்தது, அந்த எழுத்தின் பெயரை வைத்துவிட்டார். நம் எழுத்தில் அப்படி ஒரு வடிவம் கிடையாது. ‘வி வடிவ வார்’ என்று எழுதினால், ஆங்கில எழுத்து தெரிந்தவருக்கு மட்டும்தான் வடிவம் தெரியும். தெரியாதவருக்கு அது வெறும் ஓசை.

சரி, அந்த வடிவம் எதற்காக? கப்பியில் ஒரு காடி இருக்கிறது. தச்சர்கள் பலகையில் எடுக்கும் அதே காடிதான். பக்கச் சுவர்கள் இரண்டும் சாய்ந்திருக்கும். வாரின் பக்கங்கள் ஏறத்தாழ 40 பாகைச் சாய்வில் செய்யப்பட்டவை. வார் இழுபடும்போது காடிக்குள் இறங்கப் பார்க்கிறது. இறங்க இறங்க இரண்டு சுவர்களையும் இறுக நெருக்குகிறது. அந்த நெருக்கலால்தான் பிடிப்பு வருகிறது. அடிப்பக்கம் காடியின் தரையைத் தொடவே கூடாது. தேய்ந்துபோன வார் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டால் அதை எவ்வளவு முடுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். காடியின் தரை கண்ணாடி போலப் பளபளத்தால் அதுதான் அடையாளம். அந்த வாரை மாற்ற வேண்டும். வார் புதிதாக இருந்தும் இறங்கினால் கப்பியை மாற்ற வேண்டும்.

சாய்ந்த இரு பக்கங்களால் நெருக்கிப் பிடிக்கிற பொருளுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. ஆப்பு. மரம் பிளக்கிறவருக்கும் மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவருக்கும் தெரிந்த சொல். ஆகவே ‘ஆப்பு வார்’ என்று வைக்கலாம் என்கிறேன். இந்தப் பெயர் வடிவத்தையும் சொல்கிறது, அது பிடிக்கிற விதத்தையும் சொல்கிறது. ‘ஆப்பு வார் காடியின் தரையைத் தொடக் கூடாது’ என்று எழுதினால், ஏன் என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆப்பு அடித்த எவருக்கும் தெரியும். பேச்சில் ‘ஆப்பு வைத்தல்’ என்பதற்கு வேறு பொருள் வந்துவிட்டதே என்று தயங்குவோர் இருக்கலாம். அந்தப் பேச்சுவழக்கும் இந்த மர ஆப்பிலிருந்து வந்ததுதான். அதற்காகத் தச்சர்கள் யாரும் ஆப்பு என்ற சொல்லை விட்டுவிடவில்லை.

இனி நடுச் சிக்கல். டென்ஷன்.

இயற்பியல் பாடத்தில் இழுவிசை என்று படித்தோம். நல்ல சொல், அதை யாரும் அசைக்க வேண்டாம். ஆனால் இந்த இடத்தில் மெக்கானிக் அளப்பது இழுவிசை இல்லை. எஞ்சின் ஓடும்போது வாரின் ஒரு பக்கம் இழுபட்டு விறைப்பாக ஓடுகிறது, மறு பக்கம் சற்றுத் துவண்டு ஓடுகிறது. அந்த இரண்டு பக்க இழுவிசைகளின் வேறுபாடுதான் விசிறியைச் சுற்றுகிறது. அதாவது ஓடுகிற வாரில் இழுவிசை என்று ஒரே எண் கிடையாது. எஞ்சினை நிறுத்தி, கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது நாம் பார்ப்பது வார் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை. அது நீள அளவு, அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ சொல்வது. தொழிற்சாலைகளில் ஆப்பு வாரை அளக்கச் சுருள்வில் தராசு வைத்து அழுத்துகிறார்கள். அங்கேயும் இரண்டு கப்பிக்கு இடையே உள்ள ஒவ்வொரு 100 மில்லிமீட்டர் நீளத்துக்கும் 1.6 மில்லிமீட்டர் உள்ளே போக எவ்வளவு விசை தேவை என்றுதான் பார்க்கிறார்கள். அளவைத் தொடங்குவது அந்த உள்ளே போகும் தூரத்திலிருந்துதான்.

அந்தத் தூரத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை. இல்லாததால் என்ன ஆகிறது என்று ஒன்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் உழவு நேரத்தில் வார் கீச்சிட்டது. எனக்கு அன்று வேறு வேலை. பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டு, ‘பெல்ட் லூசா இருக்கு, டைட் வை தம்பி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்தப் பையன் சொன்னதைச் செய்தான். கம்பியை எடுத்து டைனமோவை நெம்பி, வீணை நரம்பு போல வைத்துவிட்டான். சத்தம் நின்றது. எனக்கும் திருப்தி. இரண்டு மாதத்தில் தண்ணீர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து சொட்டத் தொடங்கியது. பிறகு விசிறியைக் கையால் ஆட்டினால் முன்னும் பின்னும் ஆடியது. பேரிங் போயிருந்தது, அதோடு தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலும். வாரின் இறுக்கம் இரவும் பகலும் அந்த அச்சைக் கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கொடுத்த சொல் ‘டைட்’. அதற்கு மேல் எல்லை கிடையாது. எங்கள் ஊர்ப் பட்டறைப் பேச்சில் இருப்பவை லூஸ், டைட் என்ற இரண்டு. லூஸ் குற்றம், டைட் அதற்கு மருந்து. விவரம் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் மட்டும் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: ‘கொஞ்சம் ப்ளே விட்டு வை.’ அந்த ‘ப்ளே’தான் நாம் தேடும் பொருள். வார் குற்றமில்லாமல் ஓட, விட்டுவைக்க வேண்டிய இடம் அது. தம்பியின் மொழிபெயர்ப்பில் அந்தப் பொருளுக்கு இடமே இல்லை. இழுவிசை, இறுக்கம், முறுக்கு எல்லாம் டைட்டின் பக்கம் நிற்கின்றன. தொய்வு நீக்கல் என்றால் தொய்வு முழுவதும் போக வேண்டும் என்றுதான் பொருள்படும். முழுவதும் போனால் பேரிங் போகும்.

‘தொய்வையே நல்ல பொருளில் எடுத்துக்கொள்ளலாமே’ என்று ஒரு யோசனை வந்தது. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, கயிற்றுக் கட்டில் தொய்வது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற படம். ஆனால் அந்தச் சொல் எங்கே வந்தாலும் புகாராகவே வருகிறது. ‘சாலைப் பணியில் தொய்வு’ என்று செய்தித்தாளில் போட்டால் யாரோ வேலை செய்யவில்லை என்று பொருள். நம் குழுவின் யாழ்ப்பாணத்து ஐயா எழுதிய காரணம் இன்னும் வலுவானது: அங்கே தொய்வு என்றால் ஆஸ்துமா. ‘வார் இழுப்பு’ என்று எழுதியவருக்கும் இதே பதில்தான், இங்கே தமிழ்நாட்டில் இழுப்பும் மூச்சு நோய்தான். கடலின் இரு கரையிலும் ஒரே நோய்க்கு வெவ்வேறு பெயர், இரண்டுமே கயிற்றிலிருந்து எடுத்தவை போலத் தோன்றுகின்றன. இதைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

‘அமுக்கம்’ என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கும் அளவு. ஆனால் இலங்கையில் அமுக்கம் என்பது நாம் அழுத்தம் என்று சொல்லும் இயற்பியல் அளவு, குருதி அமுக்கம் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். ஒரு நாட்டில் விசையைச் சொல்லும் சொல் இன்னொரு நாட்டில் தூரத்தைச் சொன்னால், ஒரே நூலை இருவரும் படிக்கும் இடத்தில் சிக்கல் வரும். தளர்வு, நெகிழ்வு இரண்டையும் ஏற்கெனவே பல வேலைகளுக்குக் கொடுத்துவிட்டோம். நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்றே ஆகிவிட்டது.

நான் முன்வைப்பது இளக்கம்.

இந்தச் சொல்லை நான் புதிதாகச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் கன்று கட்டும்போது கேட்டது. கன்று வளரும், கழுத்துக் கயிறு வளராது. இறுக்கமாக இருந்தால் கழுத்தில் புண் வரும், மூச்சு முட்டும். அதிகமாக விட்டால் தலையை உருவிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடிவிடும். அப்பா கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். நுழையவில்லை என்றால், ‘கொஞ்சம் இளக்கிக் கட்டு’ என்பார். மூன்று நான்கு விரல் போனால் ‘ரொம்ப இளக்கமா இருக்கு’ என்பார். சரியாக இருந்தால் ‘இளக்கம் சரியா இருக்கு’. அந்த மூன்றாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். லூஸ் சரியாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொய்வு சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இளக்கம் சரியாக இருக்க முடியும், கூடவும் குறையவும் முடியும். ஓர் அளவின் பெயருக்கு வேண்டிய இலக்கணம் அதுதான்.

டிராக்டர் வந்த பிறகு அதே அப்பாதான் அதே வீட்டு வாசலில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வேலை மாறியது, விரலின் கணக்கு மாறவில்லை. ஆனால் பேச்சில் மட்டும் லூஸ், டைட் வந்துவிட்டது. கயிற்றுக்கு இருந்த மூன்றாவது சொல் பெல்ட்டுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே ஒரு வரிசை கிடைக்கிறது. வார் உள்ளே போக வேண்டிய அளவு போனால் இளக்கம் சரி. அதற்கு மேல் போய், வழுக்கத் தொடங்கினால் தொய்வு. போகாமல் எதிர்த்து நின்றால் விறைப்பு. தொய்வும் விறைப்பும் குற்றங்கள், இளக்கம் அளவு. ‘வாரின் இளக்கம் 15 மில்லிமீட்டர்’ என்று அட்டவணையில் போடலாம். ‘இளக்கம் கூடினால் தொய்வு, குறைந்தால் விறைப்பு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இதே சொல் சைக்கிள் சங்கிலிக்கும் போகும், கிளட்ச் பெடலில் மேலே விடும் இடத்துக்கும் போகும். மூன்றுக்கும் மெக்கானிக் இப்போது ‘ப்ளே’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார், ஆகவே நாமும் ஒரே சொல்லை வைப்பதில் தவறில்லை.

இளகு என்றால் உருகு என்ற பொருளும் உண்டே, எஞ்சின் சூட்டில் பெல்ட் உருகுகிறது என்று யாராவது நினைத்துவிடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இளகுதல் என்ற வினையை மட்டும் எழுதினால் அந்தக் குழப்பம் வரலாம். ‘இளக்கம்’ என்ற பெயரும் ‘இளக்கு’ என்ற பிறவினையும் கயிறு, முடிச்சு, மண் ஆகியவற்றோடுதான் அதிகம் வருகின்றன. மழைக்குப் பிறகு மண் இளக்கமாக இருக்கிறது என்றால் மண் உருகிவிட்டது என்று எந்த உழவரும் நினைக்க மாட்டார். ஆனாலும் குறிப்பில் ‘வார் இளகிவிட்டால்’ என்று எங்கும் எழுத வேண்டாம், ‘இளக்கம் கூடிவிட்டால்’ என்றே எழுதுங்கள் தம்பி.

கடைசியாக, செயலுக்கான சொல். ‘சரிசெய்தல்’ வேண்டாம் என்பதில் எனக்கு உறுதி. நம் காதில் அது பழுதுபார்ப்பது. வாரில் பழுது எதுவும் இல்லாதபோதும் மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வைக்க வேண்டிய வேலை இது. ‘வார் பிடித்தல்’ என்று எழுதியவர் மிருதங்கத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அழகான இடத்திலிருந்து எடுத்திருக்கிறார். இரண்டு பக்கத் தோலையும் இணைத்துச் செல்லும் தோல் வாரை இழுத்துப் பிடித்துத்தான் அந்த வாத்தியத்துக்கு நாதமே வருகிறது. ஆனால் அது இறுக்கும் திசையில் மட்டும் போகும் சொல். நம் வேலையில் சில நேரம் விறைத்த வாரை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது, என் பம்ப் கெட்ட கதையில் வேண்டியிருந்தது அதுதான். ‘இளக்கம் வைத்தல்’ என்றால் இரண்டு திசைக்கும் பொருந்தும். ‘டேப்பட் வைப்பது’ என்று பட்டறையில் ஏற்கெனவே சொல்கிறார்கள், அங்கேயும் எஞ்சின் வால்வுக்கு விட்டுவைக்கும் இடைவெளியைத்தான் வைக்கிறார்கள். சோதிப்பதற்கு ‘இளக்கம் பார்த்தல்’.

இது தனித்தமிழா, ஏன் பெல்ட் என்றே எழுதக் கூடாது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்காகத் தமிழ்ச் சாத்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து, சொல் எந்த மொழியிலிருந்து வர வேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். போல்ட், ஸ்பேனர், டைனமோ, பேரிங் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து. அவை பொருள்கள், கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். ஃபேன் பெல்ட் என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை, தலைப்பில் ‘விசிறி வார் (ஃபேன் பெல்ட்)’ என்று ஒருமுறை போட்டுவிடலாம். ஆனால் இளக்கம் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. அது செய்கிறவரின் விரலில் இருக்கும் அறிவு. அதற்குப் பெயர் இல்லாவிட்டால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, என்னாலும் அன்று முடியவில்லை.

தம்பி கேட்ட பகுதியை இந்தச் சொற்களை வைத்து நான் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

‘விசிறி வாரின் இளக்கம் வைத்தல். எஞ்சினை நிறுத்தி ஆறவிடவும். வாரின் இரு பக்கங்களையும் உள்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கவும்; வெடிப்போ, எண்ணெய்ப் பிசுக்கோ, பிரிந்த நூலோ இருந்தால் வாரை மாற்றவும். வார் கப்பியின் காடிக்குள் இறங்கித் தரையைத் தொட்டாலும் மாற்றவும். இரண்டு கப்பிகளுக்கு இடையே வார் நீளமாகப் போகும் இடத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி இளக்கம் பார்க்கவும். அது கையேட்டில் சொன்ன அளவுக்குக் கூடவோ குறையவோ இருந்தால், டைனமோவின் அடி போல்ட்டுகள் இரண்டையும், மேல் பட்டையின் போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தவும். மரக்கட்டை ஒன்றால் டைனமோவை வாருக்கு வேண்டிய பக்கம் நகர்த்தவும். கட்டையை டைனமோவின் முன்மூடிப் பக்கம் கொடுக்கவும். நடு உடம்பில் கொடுத்து நெம்பக் கூடாது. ரேடியேட்டரில் ஊன்றியும் நெம்பக் கூடாது. நகர்த்திய நிலையிலேயே பிடித்துக்கொண்டு முதலில் பட்டையின் போல்ட்டை முடுக்கவும். மறுபடி இளக்கம் பார்க்கவும். சரியாக இருந்தால் அடி போல்ட்டுகளை முடுக்கவும். புதிய வார் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே சற்று நீளும். அதற்குப் பின் மீண்டும் ஒருமுறை இளக்கம் பார்க்கவும். வார் கீச்சிடுகிறது என்பதற்காக அதன் மேல் சோப்போ மெழுகோ தடவ வேண்டாம்.’

இதில் ‘முன்மூடி’ எனக்குத் திருப்தியாக இல்லை. டைனமோவின் கப்பிப் பக்கம் இருக்கும் வார்ப்படத் தகட்டைச் சொல்கிறேன், அதற்குப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று நாளை எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் கன்றின் கழுத்துக் கயிற்றைக் கொஞ்சம் விட்டுக் கட்டச் சொல்ல என்ன சொல்வீர்கள்? அங்கேயும் இளக்கம் என்றால் அதையே வைத்துவிடலாம். வேறு சொல் இருந்தால், தலைப்பை முடிவு செய்யும் முன் அதை இந்தப் பத்தியில் பொருத்திப் படித்துப் பார்க்க வேண்டும்.